மன்னார் வளைகுடா: வெளிறிய பவளங்களின் கோடை

16 ஏப்ரல் 2024, மண்டபம்

உலகக் கடல்கள் நான்காவது முறையாகப் பெரும் பவள வெளிறலுக்கு ஆளாகியிருப்பதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நேற்று அறிவித்தது. எங்கள் ஆய்வுப் பயணம் தொடங்கும் வேளையில் வந்த இந்தச் செய்தி மனத்தைக் கனக்கச் செய்கிறது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்துள்ள இந்தப் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் ஏற்கெனவே வெளிறியவை. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சரிந்தது. அந்த இழப்பிலிருந்து முழுமையாக மீள்வதற்குள் அடுத்த வெப்பம் வந்துவிட்டது.

9 மே, கீழக்கரை

அப்பா தீவின் அருகே இறங்கினோம். தண்ணீர் 32 டிகிரிக்குச் சற்று மேல்; ஆழத்திலும் குளிர்ச்சி இல்லை. இருபது மீட்டர் அளவுநாடாவைப் பாரின் (பவளப்பாறைத் திட்டின்) மேல் விரித்து, அதன் அடியில் வரும் ஒவ்வொன்றையும் எழுதுபலகையில் குறித்துக்கொண்டே நகர்வதுதான் வேலை. கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா என்னும் பவளம் பெரும்பாலும் வெளுத்திருந்தது. ஒரு கிளையை முகக்கண்ணாடி படுமளவுக்கு நெருங்கிப் பார்த்தேன்: கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய திசு, அதனூடே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு, நுனிகளில் இன்னும் அசைந்துகொண்டிருந்த உணர்கொம்புகள். பவளத்துக்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருபவை அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள். வெப்பம் மிகும்போது பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. வெளுத்த பவளம் இறந்த பவளம் அன்று. சில வாரங்களில் தண்ணீர் ஆறினால் பாசிகள் திரும்பலாம். ஆறாவிட்டால் அது பட்டினியால் மடியும்.

12 மே, கீழக்கரை

இன்று பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. கிழிந்த நைலான் வலை ஒன்று பாரின் விளிம்பில் சிக்கி, அலை வரும்போதெல்லாம் இழுபட்டுப் பவளக் கிளைகளை ஒடித்துக்கொண்டிருந்தது. வலை படாத இடத்தில் வெளிறிய பவளம் திசுவோடு இருந்தது. வலை உரசிய இடத்திலோ திசு உரிந்து, அங்கே பச்சை இழைப்பாசி பற்றத் தொடங்கியிருந்தது. கடலின் வெப்பத்தை இந்தக் கடற்கரையிலிருந்து யாராலும் குறைக்க இயலாது. ஆனால் இந்த வலையைக் கத்தியால் அறுத்து மேலே கொண்டுவர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

15 மே, மண்டபம்

குருசடைத் தீவு. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாபைகஸ் பாசி இங்கே பவளங்களின் மேல் படர்ந்திருப்பது 2008இல் பதிவாயிற்று. கையால் பிடுங்கினாலும், விட்டுப்போன சிறு துண்டிலிருந்து மீண்டும் தழைக்கும் இயல்புடையது அது.

20 ஜூன், கீழக்கரை

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுத்துவிட்டதால் கடலில் இறங்க வழியில்லை. கலங்கிய நீரில் கைநீட்டும் தொலைவுகூடத் தெரியாது. "கச்சான் எழும்பினாத்தான் தம்பி தண்ணி ஆறும்" என்று படகுக்கார அண்ணன் ஏப்ரலிலேயே சொன்னார். கருவியில் பதிவான வெப்பநிலையும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. அவை கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடி வலை கிளப்பும் சேறு பார்களில் படியாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை எங்களுக்கு.

5 அக்டோபர், கீழக்கரை

கடல் தெளிந்ததும் அதே இடங்களில் மீண்டும் நாடா விரித்தோம். பாறையாக உருண்டு வளரும் போரைட்டீஸ் பவளம் பெரும்பாலும் பழுப்பு நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது; 2016இலும் அது மற்றவற்றைவிட நன்றாகவே தாங்கியது. அக்ரோபோராவில் சில திட்டுகள் பிழைத்துள்ளன. வலை உரசிய விளிம்பு முழுவதையும் இழைப்பாசி மூடிவிட்டது. வெளிறலுக்கு முன் வலை, சேறு, பாசி ஆகியவற்றின் தொல்லை எங்கெங்கே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல், வெப்பத்தை மட்டும் காரணமாகக் காட்டும் அட்டவணையை அனுப்ப எனக்கு மனமில்லை.

தூத்துக்குடி அருகேயுள்ள வான் தீவையும் நினைத்துக்கொள்கிறேன். 1986இல் 16 எக்டேராக இருந்த அத்தீவு, 2014 வாக்கில் சுமார் 2 எக்டேராகச் சுருங்கியது. பல்லாண்டுகள் பவளக்கல் வெட்டி எடுக்கப்பட்டதில் அலைத் தடுப்பை இழந்த தீவு அது. செயற்கைப் பார்களை இறக்கித்தான் அதைக் காக்க வேண்டியிருந்தது.

அடுத்த கோடைக்குள் அப்பா தீவுப் பாரில் இன்னும் சிக்கியுள்ள மற்ற வலைகளை எடுத்துவிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். உடன் இறங்கப் படகுக்கார அண்ணனும் அவர் உறவினர் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.