சங்கத்து லோகோ: எவ்வளவு பெரிது, யாருக்குச் சொந்தம்

ஒரு நற்பணி மன்றமோ பழைய மாணவர் சங்கமோ இணையத்தளம் தொடங்கப் போகிறது என்றால், கூட்டத்தில் பாதி நேரத்தை லோகோ தின்றுவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து வேண்டும் என்பார் ஒருவர். பின்னால் மலை, அதற்குப் பின்னால் உதய சூரியன், நடுவில் திறந்த புத்தகம், சுற்றிவர மூன்று மொழியிலும் பெயர், அடியில் தொடங்கிய ஆண்டு என்று அது வளர்ந்துகொண்டே போகும். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்து பதுளை வரை பல சங்கங்களின் கடிதத் தலைப்பில் இந்தக் குடும்பச் சாயலைப் பார்க்கலாம். பெனரில் அது எடுப்பாகத்தான் இருக்கும். போன் திரைக்கு வந்ததும்தான் வண்டவாளம் தெரியும்.

ஆகவே அளவை ஆகச் சிறிய இடத்தில் இருந்து முடிவு செய்துகொண்டு வாருங்கள். உரிமைப் பேச்சை லோகோ வரைந்தவரின் கணினியை விட்டு வெளியே வரும் முன்பே முடித்துவிடுங்கள். இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்வதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். போனில் தளத்தின் மேற்பட்டைக்கு 56 பிக்சல் உயரம் கொடுத்தால், மேலும் கீழும் 8 விட்டு லோகோவுக்குக் கிடைப்பது 40 பிக்சல். வட்டமான சின்னத்தில் விளிம்பு எழுத்தின் உயரம் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதாவது 4 பிக்சல். தமிழ் எழுத்து 11, 12 பிக்சலுக்குக் கீழே போனால் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘மன்றம்’ ‘மனறம’ ஆகிவிடும். அடுத்து ‘ண’, ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகும். சிங்கள எழுத்துக்கும் இதே கதிதான். விளிம்புப் பெயர் வாசிக்கும்படி இருக்க வேண்டுமானால் சின்னம் 120 பிக்சலாவது இருக்க வேண்டும். அப்படி வைத்தால் போன் திரையின் மேற்பகுதி முழுக்க லோகோதான், செய்தி ஒன்றும் தெரியாது.

இதற்கு ஒரே வழி, சின்னத்தையும் பெயரையும் பிரிப்பது. மேற்பட்டையில் எழுத்தில்லாத சின்னம் மட்டும் 40 பிக்சலில் (கணினித் திரையில் 56 முதல் 64 வரை) இருக்கட்டும். பக்கத்தில் பெயரைப் படமாக ஒட்டாமல், உண்மையான யுனிகோட் எழுத்தாகவே போடுங்கள். தேடலில் அகப்படும், பார்வையற்றோரின் வாசிப்புக் கருவி அதைப் படிக்கும், மொழியை மாற்றும்போது பெயரும் கூடவே மாறும். சங்கப் பெயர்கள் நம்மிடையே நீளமானவை: ஊர், ‘கல்வி’, ‘கலாசார’, ‘சமூக’, ‘மேம்பாட்டு’ எல்லாம் சேர்ந்து வரும். 360 பிக்சல் அகலமான போனில் இரு ஓரத்துக்கும் 16 வீதம், மெனு பொத்தானுக்கு 48 கழித்தால் மீதி 280. அதில் சின்னமும் இடைவெளியும் 50 எடுத்துக்கொள்ளும். 16 பிக்சல் எழுத்தில் மீதி இடத்துக்குள் இருபது எழுத்துக்கு மேல் போவது கடினம். மேற்பட்டைக்கென ஒரு குறும்பெயரைக் கூட்டத்திலேயே முடிவு செய்துகொண்டு, முழுப் பெயரைப் பக்கத்தின் அடியில் போடலாம். வரி உயரத்தை எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காக வையுங்கள், 1.1, 1.2 என்று இறுக்கினால் ‘கீ’யின் கொம்பும் ‘கூ’வின் வாலும் வெட்டுப்படும்.

தாய்க்கோப்பு எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத, கோடுகளால் ஆன பட வகை) வடிவில் இருக்கட்டும். அதில் உள்ள எழுத்துகள் எல்லாவற்றையும் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைகோடுகளாக, மாற்றச் சொல்லுங்கள். நம் அச்சகங்களில் யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதில் அடித்ததை அப்படியே விட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது சங்கத்தின் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். யுனிகோடும் முழுக்கப் பாதுகாப்பல்ல: தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோர்க்கத் தெரியாத பழைய வரைகலை மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறிப்போகும்.

எஸ்விஜி என்று பெயர் வைத்து அனுப்பப்படுவது எல்லாம் எஸ்விஜி ஆகாது. கோப்பின் கனத்தைப் பாருங்கள். எளிய சின்னம் 10 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். 800 கிலோபைட், 1 மெகாபைட் என்று இருந்தால், யாரோ ஒரு பிஎன்ஜி படத்தை (புள்ளிகளால் ஆன சாதாரணப் படம்) எஸ்விஜி உறைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சந்தேகப்படலாம். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரம் பல்லுப் பல்லாகத் தெரியும். மஸ்கெலியாப் பக்கம் மழை நாளில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது இந்த 1 மெகாபைட்டின் அருமை புரியும். லோகோவின் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் நிரலிலேயே எழுதி வைக்கவும் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் படம் தாமதமாக வந்து இறங்கும்போது கீழே உள்ளதெல்லாம் குதிக்கும். ஒரு இணைப்பைத் தொடப் போனவரின் விரல் வேறொன்றில் படும்.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலாவித் தாவலுக்கு 32 பிக்சல் சதுரம். அங்கே மலையும் சூரியனும் வேண்டாம், கொழுந்து மட்டும் போதும், கோடு 2 பிக்சலுக்குக் குறையக் கூடாது. ஐபோன் முகப்புத் திரையில் தெரியும் சின்னத்துக்கு 180, ஆண்ட்ராய்டுக்கு 192, 512. ஆண்ட்ராய்டு ஓரங்களை வட்டமாக வெட்டக்கூடியதால், முக்கியமான பகுதி நடுவில் 80 வீத விட்டமுள்ள வட்டத்துக்குள் இருக்க வேண்டும். முகநூல் சுயவிவரப் படமும் வட்டமாகத்தான் வெட்டுப்படும், அதே கோப்பு போதும். இணைப்பைப் பகிரும்போது தெரியும் படம் 1200க்கு 630. 300 கிலோபைட்டுக்குள் வைத்தால் வட்ஸ்அப்பில் தொல்லை இல்லை.

அச்சுக்கு வேறு கணக்கு. 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3 சென்ரிமீற்றர் என்பது 354 பிக்சல். தளத்தில் இருந்து 200 பிக்சல் படத்தைச் சேமித்துக் கடிதத் தலைப்புக்குக் கொடுத்தால் 1.7 சென்ரிமீற்றர் வரைதான் தாங்கும், அதற்கு மேல் மங்கும். கூடவே அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிவிடும், ஒளிபுகும் பின்னணி போய்விடும். பச்சைப் பெனரின் நடுவே வெள்ளைப் பெட்டிக்குள் லோகோ உட்கார்ந்திருப்பதை எத்தனை திருவிழாவில் பார்த்திருப்பீர்கள்! அனுப்புவதானால் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். அதைவிட நல்லது, எஸ்விஜி, பிடிஎஃப், 1000 பிக்சல் பிஎன்ஜி மூன்றையும் தளத்தில் ஒரு பக்கத்தில் வைத்து, அந்த இணைப்பைக் கொடுப்பது. இறப்பர் முத்திரைக்கு நிறச்சாயல் இல்லாத ஒற்றை நிற வடிவம் தேவைப்படும். கறுப்புப் பின்னணிக்கு வெள்ளை வடிவமும் வேண்டும்.

இனி உரிமை. லோகோவை வரைந்தது பெரும்பாலும் ஊர்த் தம்பி ஒருவராக இருப்பார், காசும் வாங்கியிருக்க மாட்டார். அதனால்தான் எழுத்தில் ஒன்றும் இராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை; வரைந்த கணமே பாதுகாப்பு தொடங்கி, வரைந்தவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் நீடிக்கும். பொருளாதார உரிமையை (படியெடுக்கவும் மாற்றவும் வெளியிடவும் உள்ள உரிமை) கைமாற்றுவதற்கு எழுத்தும் இரு தரப்புக் கையொப்பமும் வேண்டும். கைமாறிய பின்னும், வரைந்தவர் இன்னார் என்று சொல்லும் தார்மீக உரிமை அவரிடமே இருக்கும். தளத்தின் ‘எம்மைப் பற்றி’ பக்கத்தில் அவர் பெயரைப் போடுவது மரியாதைக்கு மட்டும் அல்ல.

ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தச் சின்னம் (அச்சிட்டு இணைக்கவும்), எல்லாப் பொருளாதார உரிமையும் எந்தத் திகதியில் இருந்து சங்கத்துக்கு மாறுகிறது, நிறத்தையும் அளவையும் மாற்றச் சங்கத்துக்கு அனுமதி உண்டு என்பது, படம் வேறெங்கிருந்தும் எடுக்கப்படவில்லை என்ற உறுதி. பதிவு செய்யாத சங்கம் தன் பெயரில் உரிமை வைத்திருப்பது சிக்கலானது, ஆதலால் பதிவை முதலில் முடித்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது. தனியாள் ஒருவரின் பெயரில் எழுதி வைத்தால், நிருவாகம் மாறும்போது லோகோவும் அவரோடு போய்விடும்.

‘வேறெங்கிருந்தும் எடுக்கப்படவில்லை’ என்ற வரிதான் பலருக்கு இடறும். கேன்வா என்ற இணைய வடிவமைப்புச் செயலியின் ஆயத்தக் கொழுந்துப் படம் உங்களுடையதைப் போலவே நூறு தேநீர்க் கடைக்கும் கிடைக்கும். அத்தகைய படங்கள் உள்ள லோகோவை வர்த்தகக் குறியாகப் பதிய கேன்வாவின் நிபந்தனைகள் இடம் தரா. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், முக்த மலர் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் லோகோவில் தாராளமாகப் பயன்படுத்தலாம். தேயிலை என்றதும் சிலர் வாளேந்திய சிலோன் டீ சிங்கத்தைச் சேர்க்க ஆசைப்படுகிறார்கள். அது இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட 100 வீத இலங்கைத் தேயிலைப் பொதிகளுக்கானது. தேசியக் கொடி, அரச இலச்சினை, தோட்டக் கம்பனியின் குறி, பாடசாலைச் சின்னம் எதுவும் வேண்டாம்.

வர்த்தகக் குறிப் பதிவு கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் செய்வது. 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம். சங்கம் பொருள் எதையும் விற்கவில்லை என்றால் அந்தச் செலவு அவசரமில்லை என்பது என் கருத்து.

கட்டுரைகளையும் படங்களையும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் (பிறர் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே தரும் பொது அனுமதி) விடும் தளங்கள், ‘லோகோ தவிர’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். அந்த உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. மாற்றியமைக்க இடம் தரும் வகையாக இருந்தால், யாரும் உங்கள் கொழுந்தை வெட்டி ஒட்டலாம்.

பாவனை விதியை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். செய்தி வெளியிடுவோரும் தளத்துக்கு இணைப்புக் கொடுப்போரும் கேட்க வேண்டியதில்லை. டீசேர்ட், கிண்ணம், அனுசரணைப் பெனர், கிளைச் சங்கத்தின் முகநூல் பக்கம் ஆகியவற்றுக்குக் கேட்க வேண்டும். தேர்தல் சுவரொட்டி, மே தினப் பெனர், வேட்பாளர் படத்தின் அருகே ஆகிய இடங்களுக்கு ஒருபோதும் இல்லை. மலையகத்தில் கடைசி வகையை எழுத்தில் வைக்காத சங்கம், தேர்தல் வந்ததும் யாராவது ஒரு கட்சிக்காரராகிவிடும். அனுசரணையாளரின் லோகோ உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதையும், சுற்றிவர மொட்டின் உயரம் அளவு வெற்றிடம் வேண்டும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் பொருள், எண்ணிக்கை, எந்த வடிவம், முடிவுத் திகதி நான்கும் இருக்கட்டும்: ‘விளையாட்டு விழாவுக்கான 60 டீசேர்ட்டில், ஒற்றை நிற வடிவம், இடது மார்பில் 7 சென்ரிமீற்றர், இவ்வாண்டு டிசம்பர் 31 வரை.’ முடிவுத் திகதி இல்லாத அனுமதியைப் பிறகு நிறுத்தப் போனால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனது ‘மலையகம் 200’ என்று நினைவுகூரப்பட்டபோது செய்ததுபோல் ஓர் எண்ணையோ வாசகத்தையோ லோகோவில் சேர்க்க வேண்டி வந்தால், தாய்க்கோப்பைத் தொடாமல் தனிப் பிரதியில் செய்து, எந்தத் திகதியோடு எடுக்கப்படும் என்று அதே பக்கத்தில் குறியுங்கள். கோப்பின் பெயரிலும் ஆண்டைச் சேர்த்துவிட்டால், அச்சகத்துக்குப் போவது பழையதா புதியதா என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டியிராது.