ஒழுங்கற்ற கிரிட்டுக்கு வெளியே நேரியல் புறச்செருகல்

வளிமண்டல வெப்பநிலைத் தரவு பெரும்பாலும் 1000, 925, 850, 700, 500 ஹெக்டோபாஸ்கல் என்று சமமில்லாத இடைவெளிகளில்தான் வரும். கடல் மட்டத்தின் திட்ட அழுத்தமோ 1013.25. அங்குள்ள வெப்பநிலை வேண்டுமானால் அட்டவணையைத் தாண்டியே ஆகவேண்டும். நான் பயன்படுத்திவந்த திறமூல பைத்தான் நூலகம், தாண்டினால் ஓர மதிப்பையே திருப்பித் தரும். பைத்தானின் எண்கணிப்பு நூலகமான நம்பையின் இன்டர்ப் ஃபங்ஷனும் அப்படித்தான். சீரான கிரிட்டுக்கு, அதாவது சம இடைவெளிப் புள்ளிகளுக்கு, நேரியல் புறச்செருகல் (ஓரக் கோட்டை அதே சாய்வில் வெளியே நீட்டி மதிப்பைக் கணிப்பது) ஏற்கெனவே இருந்தது. ஒழுங்கற்ற கிரிட்டுக்கு அதைச் சேர்க்க நானே இறங்கினேன்.

சீரான கிரிட்டில் நாம் எந்தக் கட்டத்தில், அதாவது எந்த இரு அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையில், இருக்கிறோம் என்பது ஒரே வகுத்தலில் தெரிந்துவிடும். ஒழுங்கற்றதில், வரிசையைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் பைனரி தேடல் வேண்டும். 5 புள்ளிகள் இருந்தால் கட்டங்கள் 4 மட்டுமே. ஆனால் கடைசிப் புள்ளியைத் தாண்டித் தேடினால் இல்லாத 5ஆவது கட்டம் விடையாக வரும். அதை 4இல் நிறுத்த வேண்டும், கீழ்முனையிலும் அப்படியே. நிறுத்திவிட்டால் உள்ளே ஓடும் அதே சூத்திரம் வெளியேயும் ஓடும். கட்டத்தின் இரு முனை மதிப்புகளுக்கும் சூத்திரம் தரும் எடைகள் 0க்குக் கீழும் 1க்கு மேலும் போகும், அவ்வளவுதான். மதிப்பு வித்தியாசத்தை அந்தக் கட்டத்தின் சொந்த அகலத்தால் வகுத்துச் சாய்வைப் பெறுவதுதான் இதன் உயிர்நாடி. அழுத்த மட்டங்கள் இறங்குவரிசையில் வருவதால், தேடலுக்கு முன் வரிசையைத் திருப்பவும் வேண்டியிருந்தது.

டெஸ்டுக்குத் திட்ட வளிமண்டலத்தை, அதாவது உயரத்துக்கு உயரம் அழுத்தமும் வெப்பநிலையும் வரையறுக்கப்பட்ட மாதிரியை, எடுத்தேன். 1000இல் 14.28 டிகிரி, 925இல் 10.05. இந்தக் கோட்டை 1013.25க்கு நீட்டினால் 15.03. உண்மை மதிப்பு 15. அந்த எண் திரையில் வந்தபோது மனம் நிறைந்தது.

அதிக விவாதம் நடந்தது இரு பரிமாண மூலைகளைப் பற்றித்தான். இரண்டு அச்சுகளிலும் ஒரே நேரத்தில் வெளியே போனால் என்ன செய்வது? மூலையில் கிடைக்கும் சாய்வுகளை வைத்து ஒரு தளமாக நீட்டலாம். அல்லது ஓரக் கட்டத்தின் இருநேரியல் சூத்திரத்தையே (ஒவ்வொரு அச்சிலும் தனித்தனியே நேரியலாக ஓடுவது) தொடரலாம். இரு ஆயங்களின் பெருக்கலே மதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் 0 முதல் 1 வரை. கேட்கும் புள்ளி 3, 3. தளம் 5 என்கும், இருநேரியல் சரியாக 9 தரும். இரண்டாவதுக்காகவே வாதாடினேன். உள்ளும் புறமும் ஒரே சூத்திரம் என்பது பயனர் புரிந்துகொள்ளக்கூடிய வாக்குறுதி. பைத்தானின் அறிவியல் கணிப்பு நூலகமான சைபையின் செவ்வகக் கிரிட் இன்டர்போலேட்டரும் புறச்செருகல் கேட்டால் இப்படித்தான் நடக்கிறது. பராமரிப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை, பழைய நடத்தை டிஃபால்ட்டாகவே இருக்க வேண்டும், நேரியலைக் கேட்டால் மட்டுமே தர வேண்டும் என்பது. அது முற்றிலும் நியாயம். 300, 250 மட்டங்களின் கோட்டை மேலே 100 வரை நீட்டினால் சுமார் மைனஸ் 75.7 டிகிரி வரும். ஆனால் திட்ட வளிமண்டலத்தில், அந்த 100 மட்டமும் அடங்கும் அடுக்கில், 11 கிலோமீட்டருக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை வெப்பநிலை மைனஸ் 56.5இலேயே நிற்கிறது. ஆவணத்தில் 15.03 கணக்கை எழுதிய இடத்துக்கு அடுத்த பத்தியிலேயே இந்தக் கணக்கையும் எழுதிவைத்தேன்.