முழுநாள் நியேபி

நேற்று எங்கள் ஆபீஸில் ஒரு தீவையே மூடிவிட்டார்கள். மூடுவது ஒன்றும் புதிதில்லை, வருடாவருடம் மூடுகிறார்களாம். எங்களுக்குத்தான் நேற்று பதினொன்றே முக்காலுக்குத் தெரிந்தது.

எல்லாம் ஒரு குழாய்க் கம்பெனியின் டீலர் டூரால் வந்தது. விற்பனை இலக்கைத் தாண்டிய 84 டீலர்களை இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் கூட்டிப்போய், எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கூட்டிவர வேண்டும். கிளையன்ட் எதிரில் மேனேஜர் இதை "இன்சென்டிவ் டிராவல்" என்பார். ஆபீஸுக்குள் இது "குழாய் குரூப்". எங்கள் பிரிவுக்குப் பெயர் மைஸ். மீட்டிங், இன்சென்டிவ், கான்ஃபரன்ஸ், எக்ஸிபிஷன் என்ற நான்கின் முதலெழுத்துகள். விசிட்டிங் கார்டைப் பார்த்த நாளிலிருந்து என் மச்சான் "எலித் தொல்லையெல்லாம் எப்படி இருக்கு?" என்றுதான் விசாரிக்கிறான். பதில் சொல்வதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

2026 மார்ச் 18 போய் 21 திரும்புவது என்று திட்டம். மூன்று இரவு. 19-ஆம் தேதி பகலில் ஊர் சுற்றல், ராத்திரி கடற்கரையில் விருது விழா, அப்புறம் டிஜே, கடைசியில் வாணவேடிக்கை. அந்த வாணவேடிக்கையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேதிகளுக்கு ஓட்டல் ரேட் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வந்திருந்தது. மேனேஜர் அதைத் தன் பேரம் பேசும் திறமை என்றே எடுத்துக்கொண்டார். "நான் பேசினேன்ல" என்று நான்கு நாளாக ஆபீஸில் ஒரே ராஜநடை. ஜெராக்ஸ் மெஷினுக்குப் போவதற்குக்கூட அந்த நடைதான்.

அவரிடம் ஒரு கதை உண்டு, எந்தக் கிளையன்டிடம் போனாலும் முதல் ஸ்லைடு அதுதான். 1906-இல் அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி, நன்றாக விற்ற 70 விற்பனையாளர்களுக்கு வைரம் பதித்த பேட்ஜ் கொடுத்து, கூடவே டேட்டன் நகரத்திலிருந்த தங்கள் தலைமை அலுவலகத்துக்கு இலவசப் பயணமும் கொடுத்ததாம். நம் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அதுதான் என்று முடிப்பார். தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிடுவது எப்படிப் பரிசாகும் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து "ஒரு நாள் வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. 1911-இல் அந்தக் கம்பெனிக்கே உறைத்திருக்க வேண்டும், ஜெயித்தவர்களை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, நேற்றைய காலை. நான் உட்கார்ந்திருந்தது ரூமிங் லிஸ்ட்டில். வெளியாட்கள் இதை எக்செல் ஷீட் என்று நினைப்பார்கள். இது ஜாதகப் பொருத்தம். 84 பேர், 42 அறை. படிவத்தில் எல்லோரும் முதல் வரியில் "யாருடனும் சரி, அட்ஜஸ்ட் செய்துகொள்வேன்" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் வரி "ஆனால்" என்று ஆரம்பிக்கிறது. 17-ஆம் நம்பர், தான் குறட்டை விடுவதைத் தானே எழுதியிருந்தார், நேர்மையான மனிதர். போன வருடம் அவரோடு ஒரே அறையில் இருந்த 52-ஆம் நம்பர் தனி மெயிலே அனுப்பியிருந்தார், ஆடியோ இணைப்புடன். கேட்டேன். குறட்டைகூடப் பரவாயில்லை, நடுநடுவே ஏழெட்டு நொடி ஒரு அமைதி வருகிறது பாருங்கள், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 23-உம் 24-உம் ஒரே தெருவில் எதிரெதிர்க் கடைக்காரர்கள். ஒரே அறை கேட்கவே வேண்டாம், ஒரே மாடி, ஒரே பஸ் எதுவும் ஆகாது. எல்லோருக்கும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: "முடிந்தால் சிங்கிள்." முடியாது. சிங்கிள் ரூம் கம்பெனி எம்.டி.க்கும் சேல்ஸ் ஹெட்டுக்கும் மட்டும்தான்.

இதில் ட்வின் வேறு, டபுள் வேறு. ட்வின் என்றால் இரண்டு கட்டில். டபுள் என்றால் ஒரே பெரிய கட்டில். என் முதல் குரூப்பில், ஓர் அறைக்கு நேரே கை தவறி "டபுள்" என்று அடித்துவிட்டேன். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு வீடியோ கால். ஆளுக்கு நூறு கிலோவுக்குக் குறையாத இரண்டு சிமென்ட் டீலர்கள், பூவிதழால் போட்ட இதயத்தின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், துவாலையில் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. இருவரும் ஒன்றும் பேசவில்லை. போனை மெதுவாக இடமிருந்து வலம் திருப்பிக் காட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

ரூமிங் லிஸ்ட்டை மூடினால் பாஸ்போர்ட் படலம். "தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்பவும்" என்று மூன்று முறை சொல்லியும் வந்தது என்னவோ வாட்ஸ்அப் படங்கள். பாதிப் படங்களில் பாஸ்போர்ட் எண்ணின் மேல் கட்டைவிரல். ஒருவர் பாஸ்போர்ட்டை மெத்தை விரிப்பில் வைத்து எடுத்திருக்கிறார். பெயர் கலங்கியிருக்கிறது, விரிப்பில் இருக்கும் மயிலின் கண் துல்லியமாக விழுந்திருக்கிறது. இன்னொருவர் அட்டையை மட்டும் அனுப்பியிருக்கிறார். அட்டை எல்லோருக்கும் ஒன்றுதான் ஐயா. 31-ஆம் நம்பரிடம், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும் என்றால், "நாலு நாள் டூருக்கு எதுக்குங்க ஆறு மாசம்? நான்தான் திரும்பி வந்துடுவேனே" என்று எனக்கே உத்தரவாதம் தருகிறார். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் தனிக் கூட்டம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தபோது எங்கள் கையில் ஒரு துபாய் குரூப் இருந்தது. "உங்களுக்கு இன்னொரு பேர் இருக்கா சார்?" என்று மேனேஜர் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேட்டார். ஒருவர் ரொம்ப நேரம் தயங்கி, வெட்கப்பட்டு, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதினால் பாவம்.

எங்கே விட்டேன்? மூடிய தீவில்.

பாலியில் பஸ், ஓட்டல், கைடு எல்லாம் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் ஏஜென்சி அனுப்பிய பயணத் திட்டத்தில், 19-ஆம் தேதிக்கு நேரே ஒரே வரிதான்: "நியேபி டே, அட் ஹோட்டல்." ஊர் சுற்றல், விருது விழா எல்லாம் அதற்குமேல் நாங்களாகச் செருகியது. மேனேஜர் அந்த ஒரு வரியை "முழுநாள் நியேபி அனுபவம்" என்று ஸ்லைடில் ஏற்றிவிட்டார். போன வாரம் சேல்ஸ் ஹெட் அதில் விரல் வைத்தார்.

"இந்த நியேபின்னா என்ன?"

"அங்கத்திய பாரம்பரிய நிகழ்ச்சி சார். மறக்கவே முடியாது."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"காலைல ஆரம்பிச்சா நாள் பூரா சார்."

"கூட்டமா இருக்குமோ?"

"நம்ம கண்ணுல ஒரு ஆள் படமாட்டான் சார்."

இப்போது யோசித்தால் அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

நேற்று அந்த ஸ்லைடுக்குப் படம் தேடும் வேலை எனக்கு வந்தது. தேடினேன். முதல் படம், காலிச் சாலை. இரண்டாவது, காலிச் சாலை, ஒரு நாய். மூன்றாவது, ஆளே இல்லாத விமான நிலையம். நெட் ஸ்லோவாக இருக்கிறது, ஜனங்கள் இன்னும் லோடாகவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் படித்தேன். நியேபி என்பது பாலி இந்துக்களின் புத்தாண்டு. 2026-இல் அது விழுவது மார்ச் 19. அவர்கள் காலண்டரான சக ஆண்டுக் கணக்கில் 1948 பிறக்கிறது, சத்தமில்லாமல் பிறக்க விடுகிறார்கள். காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 வரை சாலையில் யாரும் கால் வைக்கக் கூடாது, டூரிஸ்டும்தான். பெச்சலாங் என்ற ஊர்க்காவலர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஓட்டலில் விளக்கைக் குறைத்துத் திரையை இழுத்துவிடுவார்கள். விமான நிலையம் 24 மணி நேரம் மூடல். 2018-இலிருந்து செல்போன் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் மட்டும் ஓகோ-ஓகோ என்ற பெரிய பெரிய பூத பொம்மைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அதிரடி ஊர்வலம். அதாவது, எங்கள் இரண்டு பஸ்ஸும் விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போக வேண்டிய அதே சாயங்காலம்.

அன்றைக்குத் தடை மொத்தம் நான்கு. நெருப்பு கூடாது. வேலை கூடாது. வெளியே போகக் கூடாது. கேளிக்கை கூடாது. நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் எங்கள் நிகழ்ச்சி நிரலை வைத்துப் பார்த்தேன். வாணவேடிக்கை, விருது விழா, ஊர் சுற்றல், டிஜே. நாலுக்கு நாலு. வேண்டுமென்றே உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இவ்வளவு கச்சிதமாக வராது.

மேனேஜரிடம் சொன்னேன். "பெர்மிஷன் வாங்கிக்கலாம்" என்றார்.

"ஏர்போர்ட்டையே மூடறாங்க சார்."

"வாணவேடிக்கைக்கு மட்டும் ஒரு அரை மணி நேரம்?"

உலகத்தில் எந்த விதியும் பேசினால் வளையும் என்பது அவர் கொள்கை. ஐரோப்பாவில் ஒரு முறை பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டிவிட்டு 45 நிமிடம் ஓரங்கட்டினார். அங்கே அது சட்டம், வண்டியில் இருக்கும் கருவி நிமிட நிமிடமாகப் பதிவு செய்யும். இவர் அந்தக் கருவியோடு பேச முடியுமா என்று கேட்டவர். பின்சீட்டு டீலர் ஒருவர் "நகரச் சொல்லுங்க, நான் லாரியே ஓட்டியிருக்கேன்" என்று எழுந்து வந்தது அதன் உச்சம்.

டிக்கெட்டிங் அக்கா மானிட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "84 பேரை நாள் பூரா ரூம்ல வச்சுப் பூட்டினா அதுக்கு வேற பேரு சார்" என்றார். ஒரு நிமிடம் கழித்து, "மூணு மணிக்குள்ள குரூப் டிக்கெட் புக்கிங்குக்கு டெபாசிட் கட்டணும். கட்டினா திரும்ப வராது. கட்டட்டுமா?" என்றார். அந்த "கட்டட்டுமா"வில் இருந்த இனிமையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

தேதி 25-க்குத் தள்ளிப்போனது. ஓட்டல் ரேட் தன் உண்மையான முகத்தைக் காட்டியது. ராஜநடை நின்றது. புதிய கொட்டேஷனில், 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் வரி ஆளுக்கு 1,50,000 என்று பார்த்ததும் மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ரூபாய் இல்ல சார், ரூபியா" என்று அக்கா சொல்வதற்குள் அவர் அதை 84-ஆல் பெருக்கி முடித்திருந்தார். கிளையன்டிடம் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். போனை எடுத்தார், தொண்டையைச் செருமினார். "சார், 19-ஆம் தேதி நியேபி ஹவுஸ்ஃபுல் ஆயிடுச்சு சார்."

ராத்திரி வீட்டில் இதையெல்லாம் நடித்தே காட்டினேன். என் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். நாய்க்குச் சிரித்தாள். ஹவுஸ்ஃபுல்லுக்குச் சிரித்தாள். நான்கு தடையைச் சொன்னபோது குழாயை மூடினாள்.

"நெருப்புன்னா, அடுப்புமா?"

"அடுப்பும்தான்."

"வேலைன்னா? வீட்டு வேலை?"

"எந்த வேலையும்."

"யாரும் வரவும் மாட்டாங்க?"

"வரக் கூடாது. கதவைச் சாத்திட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கணும். போன்ல நெட்டும் வராது."

உள்ளே அம்மா வெந்நீர் கேட்டார். சின்னவன் ஜியாமெட்ரி பாக்ஸைக் காணோம் என்று கத்தினான். இவள் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கா தேதியை மாத்தினீங்க?"

வெந்நீரை நான்தான் வைத்தேன். பாக்ஸையும் கண்டுபிடித்தேன், ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். விளக்கை அணைத்தபிறகு இருட்டிலிருந்து குரல் வந்தது. அந்தப் பழைய 18-ஆம் தேதிக்கே தனக்கு டிக்கெட் போட முடியுமா என்று கேட்டாள். போட்டால் போச்சு, ரெண்டு டிக்கெட்தானே என்றேன்.

"ஒண்ணு போதும். ரூமிங் லிஸ்ட்ல சிங்கிள்னு போடுங்க."