மெட்டுக்கு முன்னே கட்டை

ஆண்டு விழாவுக்குப் பள்ளி வாத்தியக் குழுவுக்கென்று புதிதாக உருப்படி (இசைத் துண்டு) போடுகிறவர்கள் மெட்டில்தான் தொடங்குவார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எத்தனை கட்டை, அதாவது ஸ எந்தச் சுருதியில், என்று முடிவாகட்டும்.

கீபோர்டு பிள்ளைகளுக்கு 4½ கட்டை (F#) வெல்லம். மோகன ராகத்தின் ஐந்து சுரமும் அங்கே கறுப்புக் கட்டைகளிலேயே (கறுப்புச் சாவிகளிலேயே) விழும். ஆனால் வயலின் திண்டாடும். சென்னைப் பள்ளிகளில் ஒரே வரிசையில் கர்நாடக வயலின் கற்பவரும் டிரினிட்டி கிரேடுக்கு (மேற்கத்திய இசைத் தேர்வு) படிப்பவரும் உட்கார்ந்திருப்பார்கள். மேற்கத்திய முறையில் (G-D-A-E) சுருதி சேர்த்த வயலினை 4½ கட்டைக்கு (கர்நாடக முறைப்படி ஸ-ப-ஸ-ப) மாற்ற நான்கு தந்தியையும் தளர்த்த வேண்டும். மேல் இரண்டும் ஒன்றரைச் சுரம் இறங்கித் தொளதொளத்துப் போகும். 5 கட்டை (G) என்றால் கீழிரண்டு தந்தி அப்படியே ஸ, ப. மேலிரண்டை ஒரு முழுச் சுரம் இறக்கினால் போதும்.

கீபோர்டில் டிரான்ஸ்போஸ் +1 (ஒலியை அரைச் சுரம் ஏற்றும் அமைப்பு) வைத்துவிட்டால் பிள்ளைகள் அதே கறுப்புக் கட்டையில் வாசிக்க, ஒலி 5 கட்டையில் வரும். பல கீபோர்டுகளில் அணைத்துப் போட்டால் இந்த அமைப்பு அழிந்துவிடும். கரண்ட் போய் வந்தாலும் அதே கதைதான். மொத்தக் குழுவும் அரைச் சுரம் பிசகி நிற்கும். "+1" என்று எழுதி ஒரு டேப் ஒட்டிவையுங்கள்.

ராகம் மோகனமாகவே இருக்கட்டும். அதில் அரைச் சுர இடைவெளியே இல்லை. ஒரு பிள்ளை பக்கத்துச் சுரத்தைத் தொட்டாலும் காது கூசாது. இரண்டாவது வயலினுக்கு ஒரு சுரம் தள்ளி எழுதினாலும் (ஸ-க, ரி-ப, க-த) இணக்கமாகவே ஒலிக்கும். கல்யாணி ஆசை எல்லோருக்கும் வரும். வயலின் அதன் நிஷாதத்தை (நி) அசைக்க, கீபோர்டு அதையே ஆணி அடித்தாற்போலப் பிடித்துக்கொண்டிருக்கும். வேண்டாம்.

பாடுகிறவர்களை மத்திய ஸட்ஜத்துக்கு (நடு ஸ்தாயி ஸ) கீழே இறக்காதீர்கள், மேல் ரிஷபத்தோடு (மேல் ஸ்தாயி ரி) நிறுத்துங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் குரல் உடைகிறவர்களுக்குத் தனி வரி: ஸ முதல் ப வரை.

ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்றால் ஒரு ஆவர்த்தனம் (8 எண்ணிக்கைச் சுற்று) 6 விநாடி. நான்கு நிமிட உருப்படிக்கு 40 ஆவர்த்தனம். முடிவில் ததிங்கிணதொம் (ஐந்து மாத்திரைச் சொற்கட்டு) மூன்று முறை வைக்கக் கை துறுதுறுக்கும். எண்ணிக்கைக்கு 4 மாத்திரை கணக்கில் அது 15 மாத்திரை; சமத்துக்கு (ஆவர்த்தனத்தின் முதல் தட்டுக்கு) வர 18-வது மாத்திரையில், அதாவது ஐந்தாவது எண்ணிக்கை தட்டி ஒரு மாத்திரை தள்ளி எடுக்க வேண்டும். முப்பது பேரும் அங்கே சேர்ந்து எடுப்பது நடக்காத காரியம். தகதிமி மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைநிறுத்தம்): 4+2+4+2+4, மொத்தம் 16. முதல் திருதத் தட்டிலேயே (ஐந்தாவது எண்ணிக்கையில்) எடுக்கலாம். பிசகினால் பெரும்பாலும் கார்வையில்தான்; பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டு மாத்திரையை ஒத்திகையில் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.

மிருதங்கம் ஹெச்சு (உயர்ந்த) சுருதியா என்று முன்பே பாருங்கள். தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கத்தைக் கல்லால் தட்டி 5 கட்டைக்கு ஏற்ற முடியாது, தோல்தான் கிழியும். மைதானத்தில் மாலைப் பனி இறங்கினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஏசி அரங்கில் குழல் குளிர்ந்து இறங்கும். ஆகவே மேடையேறுமுன் குழல்காரர் ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கட்டும், கீபோர்டு ஸட்ஜம் கொடுக்கட்டும், பிறகு வயலின், கடைசியாக மிருதங்கம்.