நகத்தை வெட்டிக்கொண்ட ஆசிரியர்

கிளாசிக்கல் கிதார் கற்றுக்கொடுப்பது என் தொழில். சென்னையில் ஒரு மாடி அறையில் 22 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோருக்கு ஒரு சிறு துணுக்கை வாசித்துக் காட்டுவேன். நாலைந்து சுரங்களுக்குள் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். பழைய நோக்கியா கைபேசியின் மணியோசை! அது ‘கிரான் வால்ஸ்’ என்ற கிதார் படைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்றும், 1902-இல் ஃபிரான்சிஸ்கோ தாரெகா எழுதியது என்றும் சொன்னால் வியப்பார்கள். உலகம் முழுக்க ஒலித்த அந்தச் சில நொடிகளுக்கு அப்பால், அவர் ஓர் ஆசிரியர் என்பதுதான் எனக்கு முக்கியம்.

தாரெகா 1852-இல் ஸ்பெயினின் வில்லாரியல் என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதில் வாய்க்காலில் விழுந்ததில் கண் கெட்டது. கடைசிவரை முழுதாகச் சரியாகவில்லை. பார்வை அறவே போனாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ள வழி வேண்டுமே என்று தகப்பனார் இசை கற்க அனுப்பினார். முதலில் வாய்த்த ஆசிரியர்கள் இருவருமே பார்வையற்றவர்கள். மாணவனின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாதவர்கள், காதால் மட்டுமே திருத்தியிருப்பார்கள்.

இதன் அருமை எனக்கு ஒரு மின்வெட்டில்தான் விளங்கியது. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி தாரெகாவின் ‘லாக்ரிமா’வை வாசித்துக்கொண்டிருந்தாள். ‘கண்ணீர்த்துளி’ என்று பொருள். பதினாறே அளவைகள் (தாளக் கட்டங்கள்) கொண்ட சின்னஞ்சிறு படைப்பு. தொடக்கத்தில் முதல் தந்தியில் ஒரு விரலும் நான்காம் தந்தியில் ஒரு விரலும் சேர்ந்து மேலேறும். இடையில் இரண்டாம் தந்தி அழுத்தப்படாமல் திறந்தே ஒலிக்கும். அன்று மாலை விளக்கு அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. இருட்டில் எனக்கு அவள் கை தெரியவில்லை. ஓசை மட்டும் வந்தது. இரண்டு மாதமாக அவள் இடக்கைக் கட்டைவிரலையே திருத்திக்கொண்டிருந்த நான், அந்தத் திறந்த தந்தி பாட்டைவிட உரக்க ஒலித்து அதை விழுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன். குறை அவள் இடக்கையில் இல்லை, வலக்கையில் இருந்தது. “நடுத் தந்தியை மட்டும் மெதுவாகத் தொடம்மா” என்றேன். இருட்டிலேயே இன்னொரு முறை வாசித்தாள். பாட்டு மேலே எழுந்து வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முறையாவது ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்கிறேன்.

தாரெகாவின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது வேறொன்று. கிதார் வாசிப்பவர்களுக்கு வலக்கை நகம் உயிர். நானும் நுண்ணிய உப்புத்தாளால் நாள்தோறும் தேய்த்து வளைவைச் சரிசெய்கிறேன்; ஒரு நகம் உடைந்தால் இரண்டு வாரம் நிம்மதி போய்விடும். நகத்தால் மீட்டினால் ஓசை தெளிவாக, தூரம் எட்டும்படி வரும். விரல்சதையால் மீட்டினால் உருண்டையாக, மென்மையாக வரும். பெரிய மண்டபத்துக்குப் போதாது. பல ஆண்டுகள் நகத்தோடு வாசித்துப் புகழ்பெற்ற தாரெகா, ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல்சதைக்கு மாறினார். கைக்குப் பழகிப்போன ஓசையைக் கைவிட்டு, அந்த வயதில் புதிதாக ஒன்றைத் தேடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது தந்தியைத் தொட்டவர்களுக்குத் தெரியும்.

அவரிடம் முன்பே வந்துசேர்ந்த மிகுவல் யோபெட் நகத்தோடு வாசித்தார். 1902 வாக்கில் வந்த எமிலியோ பூஜோல் நகமில்லாத வாசிப்பைக் கற்று, கடைசிவரை அதையே பின்பற்றினார். ஒரே குரு, இரண்டு பெரிய சீடர்கள், இரண்டு ஓசைகள். தாரெகா முறைநூல் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருடைய பாடத்தைப் பிற்காலத்தில் பூஜோல்தான் நூலாகத் தொகுத்தார். தாம் கண்ட தாரெகாவைத்தானே அவரால் எழுத முடியும்?

1906-இல் தாரெகாவின் வலப்பக்கம் செயலிழந்தது. மீட்டும் கை. ஓசைக்காக நகத்தையே துறந்த மனிதருக்கு அந்தக் கையே போனதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. 1909 டிசம்பரில் பார்சிலோனாவில் இறந்தார், வயது 57.

என் முதல் ஆண்டுகளில் வலக்கை மணிக்கட்டை நன்றாக வளைத்து வைக்கச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது. பிறகு என் கையே வலிக்கத் தொடங்கியதும் அதை விட்டேன். அதன்பின் வந்தவர்களுக்கு மணிக்கட்டை நேராக வைக்கத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கற்றுப் போனவர்கள்? அவர்களைத் தேடிப் போய்த் திருத்த முடியாது. பல இரவுகள் இது என்னை உறுத்தியிருக்கிறது.

போன மாதம் அவர்களில் ஒருவர் தம் மகளைச் சேர்க்க வந்தார். பதினேழு வயதில் என்னிடம் வந்தவர். இப்போது காதோரம் நரை. “சார், ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டபடி சுவரோரம் இருந்த கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதே வளைந்த மணிக்கட்டு, நான் வைத்த இடத்திலேயே. “வலிக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை சார், பழகிவிட்டது” என்றார்.

லாக்ரிமாவைத் தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நடுத் தந்தி, இருக்க வேண்டிய அளவுக்கு மெதுவாக ஒலித்தது. அதை நான் அவருக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை.