பழைய கார் விளம்பரத்துக்குக் கீழே

எதிர்வீட்டுப் பாட்டி காலையில் செய்தித்தாளும் பூதக்கண்ணாடியுமாக வந்து நின்றார்.

பழைய கார் விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஓர் அறிவிப்பு. புதுத் தீயணைப்பு நிலையத்துக்காக நகர மன்றம் கடன் பத்திரம் வெளியிடப்போகிறதாம்.

"வாக்கெடுப்பு எப்போது?"

"கிடையாது. அதுதானே விஷயம்!"

டெக்சஸில் வழக்கமான கடன் பத்திரம் என்றால் மக்களிடம் ஓட்டு கேட்க வேண்டும். 'சர்டிபிகேட்ஸ் ஆஃப் ஆப்ளிகேஷன்' என்று பெயர் மாறினால் இப்படி ஓர் அறிவிப்பு போதும். 1971இல் வந்த சட்டம். கடனை அடைப்பது என்னவோ பெரும்பாலும் அதே சொத்து வரிதான்.

பதிவான வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டால் மட்டும் வாக்கெடுப்பு கட்டாயம்.

தீயணைப்பு நிலையம் வேண்டாம் என்று பாட்டியும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு இங்கே வரி உண்டு, ஓட்டு இல்லை.

"உன் கையெழுத்து செல்லாது, தெரியும். கார் ஓட்டுவாய் இல்லையா?" என்றார்.

சாவியை எடுத்தேன்.