முகம் மட்டும் காட்டும் தியாகேசர்: ஆரூரில் ஒரு சாயரட்சை

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை ஆரூர் போய்ட்டு வந்துடுவோம்டி" என்றாள் அம்மா. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. வலது கண்ணிலும் அவ்வளவு தெளிவில்லை. "கண்ணு சரியானப்புறம் போனா தியாகேசரை நல்லாப் பார்க்கலாமேம்மா" என்றேன். "அவரை முழுசா யாரு பார்த்தா? முகம் மட்டும்தானே காட்டுவார். அது எனக்குத் தெரியும், கிளம்பு" என்று முடித்துவிட்டாள்.

ஆரூர் என்று நாங்கள் சொல்வது திருவாரூரை. அங்கே கோயில் கொண்டிருக்கிற சிவன்தான் தியாகேசர். ஆவணி மாதம், வார நாள். தஞ்சாவூரிலிருந்து மதிய பாசஞ்சர் ரயிலைப் பிடித்தோம். கூட்டம் இல்லை. நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போனது. இருபுறமும் குறுவை கதிர் பிடித்து நின்றது. அம்மாவுக்கு அது பச்சையாகத் தெரிந்திருக்கும், கதிர் தெரிந்திருக்காது. ஆனாலும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு 1970ஆம் வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

அம்மா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் பிறப்பதற்கு முன்பே ஆரூர் ஆழித்தேர் ஓடாமல் நின்றுவிட்டது. 1948க்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தேர் நிலையை விட்டு நகரவில்லை. தாத்தா தேர்க்கதை சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருக்கிறார். 1970இல் தேர் மறுபடி ஓடும் என்று செய்தி வந்ததும் கிராமமே மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு கிளம்பியதாம். அம்மாவுக்கு அப்போது பதினாலு வயசு. "தேரு நகர்றது கண்ணுக்குத் தெரியலடி. அவ்ளோ ஜனம். ஆனா திடீர்னு 'ஆரூரா, தியாகேசா'ன்னு ஒரு சத்தம் கிளம்புச்சு பாரு, அப்ப தெரிஞ்சுது. தாத்தா அழுதுட்டார்." இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். தேர் எப்படி இருந்தது என்று அவள் ஒரு தடவைகூட வர்ணித்ததில்லை என்பது அன்றைக்கு ரயிலில்தான் உறைத்தது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு நேராகக் கமலாலயக் கரைக்குப் போனோம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.67 ஏக்கர். அப்படியானால் குளம் மட்டும் 33 ஏக்கர். எதிரே மேற்குக் கோபுரம். குளத்து நடுவில் நாகநாதர் கோயில் ஒரு தீவு மாதிரி நிற்கிறது. அங்கே போக வேண்டுமானால் படகில்தான் போக வேண்டும். காற்றுக்குத் தண்ணீர் சிறு சிறு அலையாகப் படியில் வந்து மோதிக்கொண்டிருந்தது.

அம்மாவைக் கையைப் பிடித்து நாலு படி இறக்கினேன். ஐந்தாவது படிக்குக் காலால் துழாவினாள். எனக்குத் தண்டியடிகள் ஞாபகம் வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். இந்தக் குளம் தூர்ந்துகொண்டே வருவதைக் கேள்விப்பட்டு, தானே வெட்டிப் பெரிதாக்குகிறேன் என்று இறங்கினார். குழிக்குள் ஒரு தறி, அதாவது முளைக்கம்பு, கரையில் ஒரு தறி நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டி வெட்டிக் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார். சமணர்கள் பரிகசித்துத் தறியைப் பிடுங்கிப் போட்டார்கள் என்றும், பிறகு இறைவன் அவருக்குப் பார்வை கொடுத்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பார்வை கிடைத்த அற்புதத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மனசில் நிற்பது அந்தக் கயிறுதான். ஒரு நாளில் எத்தனை தடவை அதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியிருப்பார்!

அம்மா தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, "சரி, தேவாசிரியனுக்குப் போவோம்" என்றாள்.

ஆயிரங்கால் மண்டபத்தைத்தான் இங்கே தேவாசிரியன் என்கிறார்கள். அடியார்கள் கூடியிருந்த இடம். சுந்தரர் ஒரு நாள் அவர்களை வணங்காமல் ஒதுங்கி உள்ளே போய்விட்டாராம். விறன்மிண்ட நாயனாருக்குக் கோபம் வந்துவிட்டது. அடியாரை மதிக்காத சுந்தரனும் புறகு, அவனை ஆட்கொண்ட சிவனும் புறகு என்று சொல்லிவிட்டார். சிவனையே ஒதுக்கி வைத்துவிட்டார்! அதற்கு ஆரூர்ப் பெருமான் கோபித்துக்கொள்ளவில்லை. அடியாரைப் பாடு என்று சுந்தரருக்குச் சொல்லி, 'தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்' என்று முதல் அடியையும் எடுத்துக் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் திருத்தொண்டத்தொகை. தனி அடியார் 60 பேர், தொகையடியார் 9 கூட்டத்தார். சுந்தரரையும் அவருடைய தாய் தந்தையரையும் பின்னால் சேர்த்துத்தான் நாம் அறுபத்துமூவர் என்கிறோம். ஊர் ஊராகச் சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கிறார்களே, அந்த வரிசை இங்கிருந்து கிளம்பியது.

மண்டபத்தின் விதானத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. சுமார் 300 வருஷத்துப் பழையவை. தியாகேசர் ஆரூருக்கு வந்த கதைதான் விஷயம். குரங்காக இருந்தபோது சிவராத்திரி இரவில் தெரியாமல் வில்வத்தைப் பறித்துப் பறித்துக் கீழே போட்டுச் சிவபூஜை செய்த பலனால் முசுகுந்தன் சக்கரவர்த்தியாகப் பிறக்கிறான். முகம் மட்டும் குரங்கு முகம். அவனே கேட்டு வாங்கிக்கொண்ட முகம். அசுரப் போரில் இந்திரனுக்கு உதவி செய்ததற்குக் கைம்மாறாக, திருமால் தன் மார்பில் வைத்துப் பூசித்த தியாகேசர் திருமேனியைக் கேட்கிறான். கொடுக்க மனசில்லாத இந்திரன், அதே மாதிரி ஆறு செய்யச் சொல்லி ஏழையும் வரிசையாக வைக்கிறான். முசுகுந்தன் சரியானதைக் கண்டுபிடித்துவிடுகிறான். கடைசியில் ஏழும் அவனுக்கே கிடைக்கிறது. ஆரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காரவாசல், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் என்று ஏழு ஊரிலும் அவற்றை அமர்த்தினான். அதனால் இவை சப்தவிடங்கத் தலங்கள்.

நான் அண்ணாந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். சிவப்பு மண் நிறத்தில் தேவர்கள், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை, இந்தக் கூட்டத்துக்கு நடுவே அந்தக் குரங்கு முகத்து ராஜா. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். சில இடங்களில் உதிர்ந்து வெறும் சுண்ணாம்புதான் இருக்கிறது. வரைந்த ஓவியர் சிங்காதனம் தன்னையும் ஓர் ஓரத்தில் வரைந்து பெயரும் எழுதி வைத்திருக்கிறார். அம்மா தூணில் சாய்ந்துகொண்டு, "படிடி, அப்புறம் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுத்து மங்கிய இடத்தில் நான் திணறினால், கதையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மூலவர் புற்றிடங்கொண்டார் என்கிற வன்மீகநாதர். அவரைச் சேவித்துவிட்டுத் தியாகேசர் சந்நிதிக்கு வரும்போது ஆறு மணி ஆகப்போகிறது. ஆரூரில் எந்தக் காலப் பூஜையைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சாயங்காலப் பூஜையான சாயரட்சையைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு இந்திரனும் தேவர்களும் வந்து பூசிக்கிறார்கள் என்பது நம்பிக்கை. ஊர்க்காரர்கள் வேலை முடித்து, பை தோளோடு அப்படியே வந்து நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்து யூனிஃபார்மோடு இரண்டு சிறுமிகள் எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

தியாகேசர் சோமாஸ்கந்த மூர்த்தி. அம்மையும் நடுவில் குழந்தை முருகனும் கூட இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் பூவும் பட்டும் மூடியிருக்க, நமக்குக் கிடைப்பது முகம் மட்டும். சிதம்பர ரகசியம் மாதிரி இது சோமகுல ரகசியம். மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதம், பங்குனி உத்திரத்தில் இன்னொரு பாதம், அவ்வளவுதான் காட்டுவார். திருமாலின் மார்பில் இருந்தபோது அவருடைய மூச்சு ஏறி இறங்க, அதோடு சேர்ந்து ஆடியது இந்தத் திருமேனி. அதுதான் அஜபா நடனம். அஜபை என்றால் வாயால் சொல்லாமல் மூச்சோடு தானே நடக்கும் ஜபம்.

முதலில் வீதிவிடங்கருக்கு அபிஷேகம். சின்ன மரகத லிங்கம். அதை ஒரு பேழையில் வைத்துக் காக்கிறார்கள். அபிஷேகம் முடிந்து திரை விழுந்தது. கூட்டம் தன்னால் அமைதியானது. அப்போதுதான் நான் பஞ்சமுக வாத்தியத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பெரிய வெண்கலக் குடம். அதற்கு ஒரு வாய்க்குப் பதில் ஐந்து வாய். நடுவில் இருப்பது பெரிது, சுற்றிலும் நாலு. ஐந்துக்கும் தோல் கட்டியிருக்கிறது. ஒன்றைப் பாம்பு சுற்றியிருக்கிறது, ஒன்றில் தாமரை, ஒன்றில் சுவஸ்திகம். சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்ற சிவனுடைய ஐந்து முகத்துக்கும் ஒவ்வொன்று. நடுமுகத்துத் தோலில், கை விழும் இடம் மட்டும் கறுத்துப் பளபளவென்று இருந்தது. வாசிப்பவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். குடத்தை ஒரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் சுத்த மத்தளக்காரர்.

திரை விலகியது. தீபம் ஏறியது. அந்த விநாடி அவருடைய இரண்டு கையும் இறங்கின.

தவில் மாதிரி இல்லை, மிருதங்கம் மாதிரியும் இல்லை. குடத்துக்குள்ளேயே சத்தம் உருண்டு, கனத்து, அப்புறம்தான் வெளியே வருகிறது. ஓரத்து முகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். கை நடுமுகத்துக்கு வரும்போது தரை வழியாகக் கால் பாதத்தில் வந்து தட்டுகிறது. முன்னால் நின்ற சிறுமி ஒருத்தி உள்ளங்கையைத் தூணில் வைத்துக்கொண்டாள். நானும் வைத்துப் பார்த்தேன். கல் அதிர்ந்தது. சுற்றிச் சுற்றி ஐந்து முகத்திலும் அவர் கை போய் வந்துகொண்டிருக்க, தீபத்துக்கு நடுவே தியாகேசர் முகம். கூட்டத்தில் யாரோ அடிவயிற்றிலிருந்து "ஆரூரா" என்றார்கள். "தியாகேசா" என்று சொன்னது என் அம்மா.

திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

தீபாராதனை முடிந்து, வாத்தியக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தபோது அவரைக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தகப்பன் கையைப் பார்த்துப் பிள்ளை படிக்கிற வித்தை. முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்களில் ஒருவர் இந்தக் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன். அவருக்குத் தீராத வயிற்றுவலி வந்தபோது, குரு பகவான் மேல் ஒரு கிருதி செய்து பாடச் சொல்லிக் கொடுத்தாராம் தீட்சிதர். நவக்கிரக கிருதிகளே அப்படித்தான் வந்தன என்பார்கள். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூன்று பேரும் பிறந்த ஊர் இது. சங்கீத மும்மூர்த்திகளுக்கு விழா எடுக்கிறோம், நல்லது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் வந்து நிற்கிற அந்தக் கைகளையும் ஊரும் கோயிலும் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையைப் பெருமையோடும் வயிற்றுக் கவலையில்லாமலும் எடுத்துச் செய்கிற நிலை இருக்க வேண்டும். அந்தக் குடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் நாள் வரவே கூடாது.

கமலாம்பாள் சந்நிதியில் அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அம்பாளும் கால் மடித்து யோகத்தில் உட்கார்ந்திருப்பவள்தான். "என்னம்மா வேண்டிக்கிட்டே? கண்ணுக்கா?" என்று கேட்டேன். சுந்தரருக்குப் பறிபோன பார்வையில் இடது கண் காஞ்சியிலும் வலது கண் இந்த ஆரூரிலும் திரும்பியது. அதற்கு முன்னால் இங்கே நின்று, அடியார் கஷ்டத்தைச் சொன்னாலும் பேசாமல் இருக்கிறீரே, நீரே 'வாழ்ந்து போதீரே' என்று சண்டை போட்டார் அவர். அதை நினைத்துத்தான் கேட்டேன்.

"அவர் தோழர், சண்டை போடலாம். நான் என்ன கேக்குறது? கண்ணுக்கு டாக்டர் இருக்கார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சத்தம் கேட்டதே, அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

வெளியே வந்து தேர்நிலைக்கும் போனோம். அலங்காரம் இல்லாத மரத்தேர். பங்குனியில் மூங்கிலும் துணியும் கட்டினால் 96 அடி, எடை 300 டன் என்கிறார்கள். திருச்சி பெல் நிறுவனத்தார் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும், வீதி முனையில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிற ஆட்கள் இல்லாமல் தேர் திரும்பாது. சக்கரமே ஆளை விட உயரம். அம்மா நின்று நிமிர்ந்து பார்த்தாள். இருட்டில் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

திரும்பும்போது ரயிலில் காற்று சில்லென்று அடித்தது. அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் போர்வையை எடுத்துப் போத்தப் போனேன். விரல் நாலும் மடியில் வைத்திருந்த பிரசாதப் பையின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நாலு, நடுவில் ஒன்று.

"கடைசியா நடு முகத்துல எத்தனை அடி விழுந்துச்சு, எண்ணினியா?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

நான் எண்ணவில்லை.

"மூணு" என்றாள்.